மூட்டையில் இருந்த ராசி

பெருமுக்கல் பக்கத்து ஊர்களில் யாராவது புதிதாகக் கோழி ஷெட் போட்டால், முதல் குஞ்சை இறக்கிவிடப் பிரபாவதியைக் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, அதன் மூக்கைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து, பல்பு வெளிச்சத்துக்குக் கீழே விடுவாள். அவ்வளவுதான். பிறகு காபி கொடுத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அவள் கை பட்டால் கோழி எடை போடும் என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு.

பேச்சு சும்மா வரவில்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் கரண்டும் உழைப்பும் வளர்ப்பவர்களுடையது. கோழி பெருத்ததும் கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மற்ற ஷெட்களுக்கு லாரி வருவதற்குச் சில நாள் முன்பே பிரபாவதியின் ஷெட்டுக்கு வந்துவிடும். கம்பெனியின் சூப்பர்வைசர் ரஞ்சித், பைக்கில் ஷெட் ஷெட்டாகப் போய் எடை பார்க்கிறவன், போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிவைத்தான். அப்படித்தான் பெயர் பரவியது.

அவளும் அதை நம்பினாள். நம்பாமல் எப்படி இருக்க முடியும்? திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போட்ட வீட்டிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் இந்த வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. புருஷன் அரங்கநாதன் நல்லவர்தான், ஆனால் எதையும் தம்பி தேவநாதனைக் கேட்டுத்தான் செய்வார். ஏரிக்கால்வாயை ஒட்டி அவர்களுக்கு ஒரு தாழ்ந்த நிலம் இருந்தது. தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் அழுகிப்போகும். எதற்கும் உதவாத நிலமென்று அதில் ஷெட் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிரபாவதிக்கு வந்தது.

குஞ்சுகள் கத்துகிற சத்தத்தை வைத்தே அவற்றுக்குக் குளிரா, சூடா என்று சொல்ல அவள் பழகிக்கொண்டாள். தரையில் பரப்பிய மல்லாட்டைத் தோலைத் தினமும் கிளறிவிட்டாள். எவ்வளவு கிளறினாலும் அந்த ஷெட்டில் தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மழைக்காலத்தில் உள்ளே நுழைந்தால் கண் எரியும். கம்பெனி இறக்குகிற கணக்குக்குக் கோழிகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் நிற்கும். ஆனாலும் வளர்ந்தன. எட்டு வருஷம் அப்படி வளர்ந்தன. அந்த எட்டு வருஷத்தில்தான் தேவநாதன்கூட ஏதாவது முடிவு எடுப்பதற்குமுன் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்க ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, திண்டிவனத்துக்குப் போன அரங்கநாதன் திரும்பி வரவில்லை. பைபாஸில் வளைவில் லாரி அடித்துவிட்டது. மகள் அஸ்வினி அப்போது விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டு அவள் பஸ் பிடித்து வருவதற்குள் உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது.

காரியம் முடிந்த மறு வாரமே குஞ்சு வண்டி வந்து வாசலில் நின்றது. கம்பெனி துக்கத்துக்குக் காத்திருக்காது. பிரபாவதி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய் எப்போதும்போல முதல் குஞ்சை இறக்கினாள். வேலை செய்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரத்தில் எச்சம் தண்ணீராகப் போனது. தின்ற மக்காச்சோளக் குருணை செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. தரையில் இருந்த தோல் நனைந்து அடையாகக் கட்டிக்கொண்டது. கோழிகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. தீனி என்னவோ குறையவில்லை. மூட்டை மூட்டையாகத் தின்றன. தின்றது எங்கே போகிறது என்று தெரியவில்லை, எடை மட்டும் ஏறவில்லை. காலையில் கதவைத் திறந்தால் செத்த கோழிகளைப் பொறுக்குவதுதான் முதல் வேலை. ரஞ்சித் தண்ணீரில் கலக்க ஏதோ மருந்து கொடுத்தான். கொடுக்கிறவரை கழிச்சல் நிற்கும், நிறுத்தினால் திரும்பி வரும்.

லாரி வந்தபோது ஏற்றுகிற ஆட்கள் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். காடைக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லையே என்று ஒருவன் சொன்னான்.

அடுத்த பேட்சும் அப்படியே ஆனது.

ஊருக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புருஷன் இருந்தவரைக்கும் அந்தக் கைக்கு ராசி இருந்தது, தாலியோடு அதுவும் போய்விட்டது என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் புது ஷெட் போட்டு அவளைக் கூப்பிடாமல் குஞ்சு இறக்கினார். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் பிரபாவதியின் கையைப் பார்த்துவிட்டு, தன் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். மற்ற ஷெட்களில் என்ன நிலைமை என்று பிரபாவதிக்குத் தெரிய வழியில்லை. குஞ்சு இறக்கிய பிறகு ஒரு ஷெட்டுக்காரர் இன்னொரு ஷெட்டுக்குள் போகக்கூடாது, காலில் கிருமி வரும் என்பது கம்பெனியின் கட்டளை. அதனால் அவரவர் கஷ்டம் அவரவர் கதவுக்குள் இருந்தது. போதாததற்கு, ஊர் சொன்னதை அவளும் பாதி நம்பிவிட்டாள். குஞ்சைத் தொடும்போது ஒரு தயக்கம் வந்தது. சில நாள் தொடாமல், முறத்தால் ஒதுக்கிவிட்டாள்.

ஒருநாள் அப்போதுதான் செத்த கோழி ஒன்றைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் கலைப்பிரியா, வேலைக்கு வந்து கொஞ்ச நாளே ஆனவர், பின்பக்கம் சிமெண்ட் மேடையில் வைத்துக் கோழியை அறுத்தார். குடல் காற்றடைத்த மாதிரி உப்பியிருந்தது. அதைக் கத்தரியால் நீளமாக வெட்டி விரித்து, உள்பக்கத்தைக் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டிய இடம் பழைய துண்டைப் போலச் சொரசொரவென்று, பழுப்பும் மஞ்சளுமாக இருந்தது.

"குடல்ல புண்ணும்மா. உள்ள வீங்கிப் போயிருக்கு பாருங்க" என்றார் டாக்டர். "தின்ற தீனியில பாதி இந்தப் புண்ணோட சண்டை போடறதுக்கே போயிடும். மீதியைக் குடல் உறிஞ்சாது. அப்புறம் எப்படிக் கறி புடிக்கும்?"

பிறகு அவர் தீவனம் மாறியதா என்று கேட்டார். மூட்டை அதே மூட்டைதான், அதே நிறம், அதே கோழிப் படம் என்றாள் பிரபாவதி. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே விளக்கிச் சொன்னார். சில கம்பெனிகள் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார்கள். நோய்க்குக் கொடுப்பது அல்ல, கோழி சீக்கிரம் பெருக்க வேண்டும் என்பதற்காக. அது குடலில் இருக்கிற கிருமியை மட்டுப்படுத்தி, இந்த வீக்கம் வராமல் அடக்கி வைக்கும். வீக்கம் இல்லை என்றால் தின்றதெல்லாம் சதையாகும். ஷெட் காய்ந்து, கோழி நெருக்கமில்லாமல் இருந்தால் அந்த மருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஈரமும் நெருக்கடியும் அதிகமாக இருக்கிற இடத்தில்தான் அது ரொம்ப வேலை செய்யும். அப்படிப்பட்ட இடத்தில் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். அப்படிக் கலப்பது நல்லதில்லை, கிருமி மருந்துக்குப் பழகிப்போனால் நாளைக்கு மனுஷனுக்கும் அந்த மருந்து கேட்காது என்றும் சொன்னார்.

பிரபாவதி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று ரஞ்சித்துக்குப் போன் செய்தாள். அவன் முதலில் மழுப்பினான். டாக்டர் கோழியை அறுத்துப் பார்த்துவிட்டார் என்று அவள் சொன்னதும், நாளைக்கு நேரில் வருகிறேன் என்று போனை வைத்துவிட்டான். மறுநாள் ஷெட்டுக்கு வந்து, எடை பார்க்கிற சாக்கில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"மேல சொல்லி மருந்தை எடுத்துட்டாங்கக்கா. மருந்து இல்லாத கோழிதான் வேணும்னு பெரிய பார்ட்டி யாரோ கேட்டாங்களாம். என் லைன்ல இருக்கிற ஷெட்ல மட்டும் ட்ரையல் பார்த்துக்கினு இருக்காங்க. சொன்னா ஒருத்தரும் குஞ்சு இறக்க மாட்டாங்கன்னு சொல்ல வேணாம்னுட்டாங்க."

எல்லா ஷெட்டிலும் இதே மாதிரியா என்று கேட்டாள். மேட்டில் இருக்கிற ஷெட்களில் லேசாக எடை குறைந்ததோடு போய்விட்டது, இந்த ஷெட் ஈரம் என்பதால் இங்கேதான் அடி அதிகம் என்றான். ட்ரையல் சரிப்படவில்லை, அடுத்த லோடிலிருந்து மருந்தைத் திரும்பக் கலக்கப் போகிறார்கள் என்றும், வெளியே சொன்னால் தன் வேலை போய்விடும் என்றும் சொன்னான். அவன் பைக்கைக் கிளப்பும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"ஊர்ல இன்னா பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

குற்றம் தன் கையில் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது, அரைமணி நேரம் இருந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. கோழி சாவதற்கு அவள் கை காரணம் இல்லை என்றால், வளர்ந்ததற்கும் அவள் கை காரணம் இல்லை. எட்டு வருஷமாக மூட்டைக்குள் இருந்த ஒரு பொடிக்குக் கிடைக்க வேண்டிய பெயரை அவள் சுமந்திருக்கிறாள். இத்தனை ஈரத்திலும் அழுக்கிலும் இங்கே கோழி பெருத்ததுகூட, அந்த மருந்து இங்கே அதிகமாக வேலை செய்ததாலோ என்னவோ. பீரோவின் கீழ்த்தட்டு நிறைய ரவிக்கைத் துணிகள் தைக்காமல் கிடந்தன. எடுத்து, கூலிக்கு வருகிற பெண்களிடம் கொடுத்துவிட்டாள். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, நிறம் பிடிக்கவில்லை என்றாள்.

அதே வாரத்தில் தேவநாதன் வந்து, கம்பெனி அக்ரிமெண்ட் அண்ணன் பெயரில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தான். பிரபாவதி அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் காட்டிய குடலைச் சொன்னாள். ரஞ்சித்தின் பெயரைச் சொல்லாமல், மருந்தை நிறுத்தியதையும் திரும்பக் கலக்கப்போவதையும் சொன்னாள். வருகிற பேட்சை யார் இறக்கினாலும் வளரும், வேண்டுமானால் பார் என்றாள். இவனுக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகுநாள் முன்பே இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். புரிந்துகொள்வான் என்று நினைத்தாள்.

அவன் புரிந்துகொண்டான். எந்த மருந்து, யாருக்காக நிறுத்தினார்கள், மற்ற ஷெட்டுக்காரர்களுக்குத் தெரியுமா என்று சரியான கேள்விகளைத்தான் கேட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் மனைவி இளவரசியின் பேச்சை எடுத்தான்:

"நீங்க சொல்றது சரியா இருக்கும் அண்ணி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அக்ரிமெண்ட்டை இளவரசி பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன். ஊர்லயும் ஒரு மாதிரி பேசிக்கினு இருக்காங்க. நீங்க கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"ஊரு பேசறது பொய்யின்னு உனக்கு இப்ப தெரியுமில்ல?"

"தெரிஞ்சு இன்னா பண்றது அண்ணி."

அவன் குரலில் கோபமோ வெறுப்போ இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊரின் மூடநம்பிக்கை அவனுக்கு நம்பிக்கை அல்ல, வசதி. மழை வருகிற நேரத்தில் யாரோ விட்டுப்போன குடை கையில் கிடைத்தால் எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டான்.

குஞ்சு வண்டி வந்த அன்று இளவரசி தலைக்குக் குளித்து, புடவை மாற்றி, தட்டில் மஞ்சளும் கற்பூரமும் எடுத்து வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. பிரபாவதியிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நீங்க உள்ளயே இருங்க, கூப்பிடறேன்" என்றாள். பிரபாவதி அடுப்படியில் நின்றாள். வண்டிக் கதவு திறக்கிற சத்தம், குஞ்சுகளின் கீச்சுக் குரல், யாரோ கற்பூரத்தைக் காட்டச் சொல்கிற சத்தம் எல்லாம் கேட்டது. கூப்பிடவில்லை. எல்லாப் பெட்டியும் காலியாகி வண்டி கிளம்பிய பிறகு, தோலைக் கிளறிவிட ஆள் வேண்டும் என்று தேவநாதன் குரல் கொடுத்தபோதுதான் அவள் ஷெட்டுக்குள் போனாள்.

கோழிகள் வளர்ந்தன. அவள் சொன்னபடியே வளர்ந்தன. எச்சம் இறுகியது, சிறகு படிந்தது, நெஞ்சுக் கறி உருண்டது. தரை மட்டும் மாறவில்லை. அதே ஈரம், அதே கண் எரிச்சல், அதே நெருக்கடி. கோழி ஒன்றைத் தூக்கிக் கையில் வைத்தபோது அதன் கனம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த ஷெட் எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்பதை முன்பு செத்த கோழிகள்தான் சொல்லியிருக்கின்றன. இப்போது மருந்து போட்டு இவற்றின் வாயை அடைத்துவிட்டார்கள்.

லாரிக்காரர்கள் இளவரசியைப் புகழ்ந்தார்கள். பிரபாவதியின் ராசி போனது என்பதற்கு ஊருக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை. தன்னோடு நன்றாகப் பேசுகிற ஒருத்தியிடம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, அவள் தீவனத்தில் இருந்த மருந்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கும்க்கா. ஆனா இளவரசி இறக்கினதும் வளந்துச்சே" என்றாள். அதற்குப் பிறகு பிரபாவதி யாரிடமும் சொல்லவில்லை. வைகாசி மாதம் பக்கத்து ஊரில் ஒரு ஷெட்டுக்கு முதல் குஞ்சு இறக்க இளவரசியைக் காரில் வந்து அழைத்துப்போனார்கள்.

அஸ்வினி லீவில் வந்து விஷயத்தைக் கேட்டுக் கொதித்தாள். சித்தப்பாவிடம் போய்ச் சண்டை போடுகிறேன் என்றாள். அவனுக்குத் தெரியாததையா நீ சொல்லப்போகிறாய் என்று கேட்டு அம்மா தடுத்துவிட்டாள். அஸ்வினியின் தோழி ஒருத்தியின் அத்தை குயிலாப்பாளையத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்த்துவந்தாள். அவள் மூலமாகப் பிரபாவதி அங்கே வேலைக்குப் போனாள். ஷெட் இருக்கிற நிலத்தில் அரங்கநாதனுக்கு உள்ள பாதி என்ன ஆவது என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். பங்கு எங்கே போய்விடப் போகிறது, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றான் தேவநாதன். இன்றுவரை மெதுவாகத்தான் இருக்கிறது.

குயிலாப்பாளையத்துப் பண்ணையில் கோழிகள் குறைவு. தரையை மேடாக்கி மணல் கொட்டியிருந்தார்கள். பகலில் கோழிகள் வெளியே முந்திரி மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். முதல் வாரம் அவள் தீவனத்தை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, இதில் என்ன மருந்து கலக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் நம்பவில்லை. மழைக்காலம் வரட்டும் என்று காத்திருந்தாள். மழைக்காலம் வந்து போனது. ஒன்றிரண்டு கோழிக்கு நோய் வந்தது, தனியாகப் பிரித்து வைத்தார்கள், அதோடு நின்றது. கழிச்சல் வரவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு லோடு மண் அடித்துத் தரையை உயர்த்தியிருக்கலாம். கோழியைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். எட்டு வருஷமாக வாரம் தவறாமல் ரஞ்சித் வந்தான், தராசைத் தொங்கவிட்டு எடை பார்த்தான், போனான். இந்தத் தரையை மேடாக்குங்கள் என்று ஒருநாள்கூட அவன் சொன்னதில்லை. கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. தரையை மேடாக்குவதைவிட மூட்டையில் ஒரு பிடி பொடி போடுவது சுலபம். அவளும் அந்தச் சுலபத்தில் எட்டு வருஷம் ராணி மாதிரி இருந்துவிட்டாள்.

போன வருஷம் கார்த்திகையில் இளவரசி போன் செய்தாள். பிரபாவதி ஊரை விட்டு வந்ததற்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கோழிக்குக் கழிச்சல், தினமும் சாகிறது, எடையே வரவில்லை என்றாள்.

"கம்பெனிக்காரன் மறுபடியும் தீவனத்துல கை வெச்சிட்டான்க்கா. மருந்தை எடுத்துட்டானாம். எல்லாரும் அதான் சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"இவரே சொல்லிக்கினு இருக்காரு. ஊர்லயும் தீவனம் சரியில்லைன்னுதான் பேசறாங்க. நீங்க இருந்தப்ப இன்னா பண்ணீங்கன்னு கேக்கலாம்னுதான்."

பிரபாவதி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஈரத் தோலை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த தோலைப் பரப்பச் சொன்னாள். ஷெட்டின் பக்கவாட்டில் தொங்குகிற சாக்குப் படுதாவைப் பகலில் தூக்கிக் கட்டிக் காற்று விடச் சொன்னாள். அடுத்த தடவை குஞ்சைக் குறைத்து இறக்கு, முடிந்தால் தரையை மேடாக்கு என்றாள். இளவரசி ஒவ்வொன்றுக்கும் சரிக்கா சரிக்கா என்றாள்.

"உன் கையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்று பிரபாவதி கேட்டாள்.

இளவரசி, "இன்னாக்கா இப்படிக் கேக்கறீங்க" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது. பிரபாவதி, சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று போனை வைத்தாள்.

தேவநாதன் தரையை மேடாக்கவில்லை, குஞ்சையும் குறைக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறொரு கம்பெனியோடு சேர்ந்துகொண்டான். அவர்களுடைய தீவனத்தில் கோழி நன்றாகப் பெருக்கிறதாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தேவநாதன் கேட்டானா என, அந்தப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் பிரபாவதி விசாரித்தாள். எதற்குக் கேட்க வேண்டும், வளருதே என்றார் அவர்.